பூட்டிய வீட்டின் எடை

குமரி மாவட்டத்தில், திருவட்டாற்றிலிருந்து குலசேகரம் போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே இறங்கினால், ஊர் தெருத்தெருவாக அமைந்திருக்காது. ஒவ்வொரு வீடும் அதனதன் விளையோடு, ரப்பரும் தென்னையும் பலாவும் சூழ விலகி நிற்கும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு மண்பாதையோ படிக்கட்டோ போகும். சில இடங்களில் நடுவில் ஓர் ஓடையும் குறுக்கிடும். கையில் டேப்லெட்டோடு வரும் அரசுக் கணக்கெடுப்பாளர், மாதிரியில் தேர்வான வீட்டைத் தேடிப் படியேறினால் மூன்றில் ஒன்று நடக்கும். ஆள் இருந்து பதில் சொல்வார்கள். ஆள் இருந்தும், "இப்ப நேரமில்ல சாரே" என்று அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் வீடு பூட்டிக் கிடக்கும்.

நாட்டின் வறுமை, வேலையின்மை, குழந்தைகளின் ஊட்டம், குடும்பச் செலவு என்று நாம் வாதாடும் எண்களில் பெரும்பாலானவை இப்படி வீடேறிப் பெற்ற பதில்களிலிருந்து வருபவை. பதில் தராத வீடுகளை என்ன செய்வது என்ற கேள்விக்குப் புள்ளியியல் எண்பது ஆண்டுகளாகச் சொல்லிவரும் விடை எடையிடுதல். பதில் தந்த வீடுகளின் கணக்கை ஏற்றியும் இறக்கியும், தராத வீடுகளுக்காகவும் அவற்றைப் பேசவைப்பது இந்த முறை. இதன் கணிதம் நன்றாக வளர்ந்திருக்கிறது. அந்தக் கணிதத்துக்குத் தீனியாகும் விவரம், அதாவது பூட்டிய கதவின் முன் நின்று கணக்கெடுப்பாளர் எழுதும் குறிப்பு, நம் நாட்டில் வளரவில்லை என்பதே என் முடிவு.

குமரி மாவட்டத்தில் வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே 18,70,374 பேர். எழுத்தறிவு 91.75 விழுக்காடு. ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். இந்த விகிதத்துக்கு ஆண்கள் வேலைதேடி வெளியே போவதும் ஒரு காரணம். வளைகுடா நாடுகளுக்கும் கேரளத்துக்கும் போகிறவர்கள் போக, ஊரிலேயே இருப்பவர்களும் பகலில் கிடைப்பதில்லை. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் விடியுமுன் இறங்கிவிடுவார். வெட்டி முடித்து, சிரட்டைகளில் வடிந்த பாலை எடுத்து, உறையவைத்து ஷீட் அடித்து முடிக்க நண்பகல் தாண்டும். "அவிய பால் வெட்டப் போயிருக்காவ" என்று பக்கத்து வீட்டிலிருந்து பதில் வரும். மழை வலுத்தால் வெட்டு நின்றுபோகும். அப்போது வந்தால் அதே வீட்டில் ஆள் இருக்கும். மேற்கே தூத்தூர் கரையில், ஆழ்கடலுக்குப் போன மீனவர்கள் வாரக்கணக்கில் திரும்பமாட்டார்கள். ஆகவே யார் பதில் தருகிறார்கள் என்பது தற்செயலாக அமைவதில்லை. தொழிலும் பருவமும் வெளிநாட்டு விசாவும் அதைத் தீர்மானிக்கின்றன. பதில் தராதவர்கள் தற்செயலாக விடுபட்டிருந்தால் எடையிடுதல் என்ற துறையே தேவைப்பட்டிருக்காது.

அடிப்படை விதி எளியது. பதில் தந்தவர்களின் சராசரியில் இருக்கும் சாய்வு இரண்டு எண்களின் பெருக்கல்: பதில் தராதவர்களின் பங்கு ஒன்று, தந்தவர்களுக்கும் தராதவர்களுக்கும் இடையிலான வேறுபாடு மற்றொன்று. முதல் எண்ணைக் கணக்கெடுப்பாளர் எண்ணிச் சொல்லிவிடலாம். இரண்டாவது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஆய்வே வேண்டாம். பதில் விகிதம் மட்டும் குறைந்தால் முடிவு கெட்டுவிடும் என்று சொல்லமுடியாது. அது உயர்ந்திருந்தால் முடிவு சரி என்றும் சொல்லமுடியாது. ராபர்ட் குரோவ்ஸ் 2006இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, பதில் விகிதத்துக்கும் சாய்வுக்கும் இடையிலான தொடர்பு மிகத் தளர்வானது என்று காட்டினார். ஒரே ஆய்வுக்குள்ளேயே ஒரு கேள்வி பழுதில்லாமல் இருக்கும், அடுத்த கேள்வி சாய்ந்திருக்கும்.

ஒரு கற்பனை வார்டை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 300 வீடுகள். அவற்றில் 100 வீடுகளில் யாரோ ஒருவர் வளைகுடாவில். பத்துக்கு ஒன்று என்று 30 வீடுகளைத் தேர்ந்தால் 20 சாதாரண வீடுகளும் 10 வளைகுடா வீடுகளும் வருகின்றன என்று வைப்போம். ஒவ்வொரு வீட்டின் தொடக்க எடை 10. அதாவது ஒரு வீடு பத்து வீடுகளுக்காகப் பேசுகிறது. கேள்வி: வீட்டின் பேரில் வங்கிக் கடன் உண்டா? சாதாரண வீடுகளில் 18 பதில் தருகின்றன, 9இல் கடன் இருக்கிறது. வளைகுடா வீடுகளில் நான்கே பதில் தருகின்றன, ஒன்றில் கடன். எதையும் திருத்தாமல் கூட்டினால் 22க்கு 10, அதாவது 45.5 விழுக்காடு.

இப்போது வகுப்புவாரியாக எடையிடுவோம். சாதாரண வீட்டின் எடை 10ஐ இருபதில் பதினெட்டுக்கு ஈடுகட்ட 11.1 ஆக்குகிறோம். வளைகுடா வீட்டின் எடை பத்தில் நான்குக்கு ஈடுகட்ட 25 ஆகிறது. கடன் உள்ள வீடுகள் 100 கூட்டல் 25, மொத்தம் 300க்கு 125. விடை 41.7 விழுக்காடு. எடையிடுதல் வகுப்புகள் என்று பாடநூல்கள் சொல்லும் முறை இவ்வளவுதான். உலகின் பெரும்பாலான வீட்டு ஆய்வுகள் இதையோ இதன் நெருங்கிய உறவையோ பயன்படுத்துகின்றன.

இந்தக் கணக்கு எந்த நம்பிக்கையின்மேல் நிற்கிறது? பதில் தந்த நான்கு வளைகுடா வீடுகளும் தராத ஆறும் ஒரே மாதிரி என்ற நம்பிக்கையின்மேல். டொனால்ட் ரூபின் 1976இல் இதற்குத் தெளிவான வடிவம் கொடுத்தார். நமக்குத் தெரிந்த தகவலை வைத்து ஒப்பிட்ட பிறகு, பதில் தருவதும் தராததும் விடையைச் சார்ந்திருக்கக்கூடாது. திருவட்டாற்றில் இந்த நம்பிக்கை எப்படி உடையும் என்பது கண்ணால் பார்த்தால் தெரியும். பதில் தந்த நான்கு வீடுகளில் மனைவியோ தாயோ ஊரில் இருக்கிறார். பணம் மாதாமாதம் அவர் கணக்குக்கு வருகிறது. பூட்டிய ஆறில் சிலவற்றில் குடும்பமே மஸ்கட்டிலோ தோஹாவிலோ இருக்கிறது. வீட்டைக் கட்டிய கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம், அடைந்தும் போயிருக்கலாம். நான்கு தாய்மார்களின் விடை ஆறு பூட்டிய வீடுகளுக்கும் விடை ஆகிறது. சூத்திரம் இதை எச்சரிக்காது.

இதே இடத்தில் இன்னொரு கேள்வியும் நிற்கிறது. எனக்கு அது முதல் கேள்வியைவிடப் பெரிதாகப் படுகிறது. அந்த ஆறு வீடுகளும் பதில் தராத வீடுகளா, அல்லது கணக்கிலேயே வரக்கூடாத வீடுகளா? ஆய்வு ஊரில் வசிப்பவர்களைப் பற்றியது என்றால், குடும்பத்தோடு வெளிநாட்டில் வாழ்பவரின் வீடு காலி வீடு. ஆறில் நான்கு அப்படிப்பட்டவை என்று கண்டறிந்தால், வளைகுடா வகுப்பில் கணக்கில் வரவேண்டியவை 6, பதில் தந்தவை 4. எடை 25லிருந்து 15 ஆக இறங்கும். வார்டில் வசிக்கும் வீடுகள் 300 இல்லை, 260. கடன் பங்கு 44.2 விழுக்காடு. சூத்திரத்தை நாம் மாற்றவே இல்லை. பக்கத்து வீட்டில் விசாரித்து எழுதிய ஒரு குறிப்புதான் விடையை 41.7லிருந்து 44.2க்கு நகர்த்தியது. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் இருந்த ஏறக்குறைய 33 கோடிக் கட்டட அலகுகளில் சுமார் 2.46 கோடி காலியாக இருந்தன. இதைச் சின்னச் சிக்கல் என்று தள்ளமுடியாது.

பதில் தராதவர்களைக் கணக்கில் கொள்ளாவிட்டால் முடிவு பிசகும் என்ற பாடத்தை வரலாற்றில் உலகுக்குக் கற்பித்தது 1936 அமெரிக்கத் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலில் வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றது இதழ். ரூஸ்வெல்ட் 61 விழுக்காட்டுக்கு நெருங்கிய வாக்கோடு வென்றார். டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலை வைத்து அனுப்பியதுதான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பீவரில் ஸ்கொயர் 1988இல், பதில் தராதவர்களின் சாய்வும் சேர்ந்தே காரணம் என்று காட்டினார். ஷாரன் லோரும் மைக்கேல் பிரிக்கும் 2017இல் அடுத்த படிக்குப் போனார்கள். அந்தச் சீட்டுகளில் 1932இல் யாருக்கு வாக்களித்தீர்கள் என்ற விவரமும் இருந்தது. அந்த ஒரு தகவலை வைத்து எடையிட்டிருந்தால், வாக்கு விகிதம் துல்லியமாக வராவிட்டாலும் வெல்பவர் ரூஸ்வெல்ட் என்பது சரியாகவே வந்திருக்கும் என்று கண்டார்கள். தகவல் கையில் இருந்தது, பயன்படுத்தும் முறை அன்று இல்லை. இன்று நம் நிலை பல இடங்களில் இதற்கு நேர் எதிர்.

முறைகள் பிறந்த காலம் 1940கள். டெமிங், ஸ்டீபன் இருவரும் 1940இல், அமெரிக்கக் கணக்கெடுப்பின் தேவைக்காக, மாதிரியின் விளிம்புத் தொகைகளை வெளியே தெரிந்த தொகைகளோடு மாறி மாறிப் பொருத்தும் வழியைத் தந்தார்கள். முதலில் ஆண்-பெண் கணக்கைச் சரிசெய், அதனால் வயதுக் கணக்கு கலையும், அதைச் சரிசெய், மறுபடி முதலாவதைச் சரிசெய். சில சுற்றுகளில் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். தேர்தல் கருத்துக்கணிப்பாளர்கள் இன்றும் தினமும் கையாளும் முறை இது. 2016 அமெரிக்கத் தேர்தலில் பல மாநிலக் கணிப்புகள் தவறியதற்கு, கல்வித் தகுதியை இந்த விளிம்புகளில் சேர்க்காமல் விட்டது ஒரு முக்கியக் காரணம் என்று அந்நாட்டுக் கருத்தாய்வு அறிஞர்களின் குழு பின்னர் சொன்னது. பட்டதாரிகள் பதில் சொல்ல விரும்புகிறார்கள். மற்றவர்கள் அவ்வளவு விரும்புவதில்லை. டெவில், சார்ண்டால் இருவரும் 1992இல் இவற்றையெல்லாம் ஒரே கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். தொடக்க எடைகளிலிருந்து மிகக் குறைவாக விலகி, தெரிந்த தொகைகளையெல்லாம் நிறைவு செய்யும் எடைகளைத் தேடுவதே அதன் சாரம்.

ஹான்சனும் ஹர்விட்ஸும் 1946இல் காட்டிய வழி வேறு. அஞ்சலில் பதில் தராதவர்களில் சிலரை மட்டும் தேர்ந்து, நேரில் போய் எப்படியாவது பதில் வாங்கி, அந்தப் பதிலுக்குக் கூடுதல் எடை கொடுப்பது. நம் வார்டுக்குத் திரும்பினால், பூட்டிய ஆறில் இரண்டை எடுத்து, உறவினரிடம் எண் வாங்கி, வாட்ஸாப்பில் அழைத்துப் பேசுகிறோம். ஒவ்வொன்றின் எடையும் 30; ஏற்கெனவே பதில் தந்த நான்கின் எடை பழையபடி 10. அந்த இரண்டு வீடுகளிலும் கடன் இல்லை என்றால் வார்டின் விடை 36.7 விழுக்காடு. இரண்டிலும் கடன் இருந்தால் 56.7. இந்த அகலமான இடைவெளியைத்தான் முதல் எடையிடல் 41.7 என்ற ஒற்றை எண்ணுக்குள் ஒளித்துவைத்திருந்தது. இரண்டு வீடுகளை நம்பி முடிவு கட்டமுடியாது என்பது உண்மைதான். ஆனால் நமக்கு எவ்வளவு தெரியாது என்பதையாவது இந்த முறை காட்டுகிறது. எல்லா முறைகளிலும் நேர்மையானது இதுதான் என்பேன். செலவு கூடுதல் என்பதால் இதை மிக அரிதாகவே செய்கிறார்கள்.

பால்வெட்டுகாரரின் வீட்டுக்குப் பொருந்துவது பொலிட்ஸ், சிம்மன்ஸ் இருவரும் 1949இல் எழுதிய முறை. அவர்கள் மாலைநேர நேர்காணல்களுக்காக அதை எழுதினார்கள். வீட்டில் கிடைத்தவரிடம், இதற்கு முந்தைய ஐந்து நாட்களில் இதே நேரத்தில் எத்தனை நாள் வீட்டில் இருந்தீர்கள் என்று கேட்கவேண்டும். ஐந்து நாளும் இருந்தவருக்கு எடை 1. ஒரே நாள் இருந்தவர் இன்றையும் சேர்த்து ஆறில் இரண்டு நாள் கிடைக்கிறார்; எடை 3. ஒரு நாளும் இல்லாதவர் இன்று தற்செயலாகக் கிடைத்தார் என்றால் எடை 6. மழையால் வெட்டு நின்ற நாளில் கிடைத்த தொழிலாளி இப்படித் தன்னைப் போன்ற ஆறு பேருக்காகப் பேசுவார். திரும்பத் திரும்பப் போகாமலே, ஒரே வருகையில் இந்தச் சரிக்கட்டல் கிடைத்துவிடுகிறது. என்றுமே கிடைக்காதவரை இதனாலும் எட்டமுடியாது. எடைகளின் ஏற்றத்தாழ்வும் அதிகம். ஆனாலும் குமரியின் மலையோரக் கிராமங்களில் காலைநேரத்தை வைத்து யாரேனும் இதைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பின்னால் வந்தது பதில் தரும் நிகழ்தகவை ஒரு கணிதச் சமன்பாட்டால் கணிக்கும் வழி. ரோசன்பாம், ரூபின் இருவரும் 1983இல் வேறொரு தேவைக்காக உருவாக்கிய கருத்தை ஆய்வாளர்கள் இங்கே கொண்டுவந்தார்கள். வீட்டின் வகை, இடம், உறுப்பினர் எண்ணிக்கை, எத்தனையாவது வருகை என்ற பல விவரங்களைச் சேர்த்து, ஒவ்வொரு வீடும் பதில் தரும் வாய்ப்பைக் கணித்து, அதன் தலைகீழை எடையாக்குவது. கணித்த வாய்ப்பை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தாலே, அந்த விவரங்களால் வரும் சாய்வில் சுமார் 90 விழுக்காடு போய்விடும் என்பது காக்ரன் 1968இல் தந்த முடிவின் பயன். கவனிக்கவேண்டியது, "அந்த விவரங்களால் வரும்" என்ற பகுதி. ரோடெரிக் லிட்டிலும் வர்திவேரியனும் 2005இல் இதைத் துலக்கினார்கள். எடையிடப் பயன்படுத்தும் விவரம் பதில் தருவதோடும் விடையோடும் சேர்ந்தே தொடர்புடையதாக இருக்கவேண்டும். பதில் தருவதோடு மட்டும் தொடர்பு இருந்தால் சாய்வு குறையாது, மாதிரியின் தற்செயல் பிழை மட்டும் பெருகும்.

எடைக்கு விலை உண்டு. நம் வார்டில் எடைகள் 11.1, 25 என்று பிரிந்ததால், லெஸ்லி கிஷ் தந்த கணக்குப்படி 22 பதில்கள் ஏறக்குறைய 19 பதில்களின் வலுவுக்குக் குறைந்துவிடும். எடை 60, 70 என்று ஏறும் வீடுகள் சில இருந்தாலே மாவட்ட அளவு மதிப்பீடு ஆட்டம் காணும். அதனால் உச்ச எடைகளை ஓர் அளவில் வெட்டிவிடுகிறார்கள். அப்படி வெட்டினால் பிழை குறையும், சாய்வு கொஞ்சம் திரும்பி வரும். எங்கே வெட்டுவது என்பது இன்றும் பெரும்பாலும் அனுபவத்தால் முடிவாவதுதான்.

இந்தியாவுக்கு வருவோம். மகலனோபிஸ் வழிகாட்டலில் 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வில், தேர்வான வீடு கிடைக்காவிட்டால் அதே உள்அடுக்கிலிருந்து, அதாவது ஒத்த வீடுகளின் பிரிவிலிருந்து, வேறொரு வீட்டை மாற்றாக எடுப்பது நெடுநாள் வழக்கம். மாற்றும் கிடைக்காவிட்டால் அந்த இடம் இழப்பாகிவிடும். எடையை, அதாவது பெருக்கெண்ணைப் போடும்போது, அந்த உள்அடுக்கில் உள்ள மொத்த வீடுகளை, உண்மையில் ஆய்வு முடிந்த வீடுகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். வெளியே சொல்லாவிட்டாலும் இது நாம் மேலே செய்த வகுப்பு எடையிடல்தான். உள்அடுக்குகளை எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது வேலை செய்யும். 2022-23 வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வு 2,61,746 வீடுகளில் நடந்தது. ஒரே வீட்டுக்கு மூன்று வெவ்வேறு மாதங்களில் மூன்று முறை போனார்கள். அதில் கிராமங்களில் நிலவுடைமையும் நகரங்களில் கார் உடைமையும் உள்அடுக்குக்கு அளவுகோல்கள். வசதியானவர்கள் பதில் தர மறுப்பதை ஓரளவு ஈடுகட்ட இது உதவும். திருவட்டாற்றில் வசதியைக் காட்டுவது நிலத்தைவிட வெளிநாட்டு வேலை என்பதை இந்த அளவுகோல்கள் அறியா.

மாற்று வீடு எடுப்பதில் எனக்கு உள்ள குறை வேறு. மாற்று வீடு எடுத்தால் பதில் விகிதம் ஏறக்குறைய முழுமையானதுபோலத் தோன்றும். ஆனால் மாற்று வீடு எளிதில் கிடைத்த வீடு. பூட்டிய வளைகுடா வீட்டுக்குப் பதிலாக, திண்ணையில் ஆள் உட்கார்ந்திருந்த வீடு வந்திருக்கும். எந்தக் காரணத்தால் மாற்றினார்கள் என்று ஒரு குறியீடு அட்டவணையில் பதிவாகிறது: விவரம் சொல்பவர் வேலையாக இருந்தார், வீட்டார் வெளியூர் போயிருந்தார்கள், ஒத்துழைக்கவில்லை என்பது போல. விடுபட்ட வீடு எப்படிப்பட்டது என்பதற்கு ஆய்வாளர் கையில் கிடைக்கும் தரவில் ஒரு வரியும் இருக்காது. அந்த ஒரு வரி இல்லாமல் லிட்டிலின் நிபந்தனையை யாராலும் சோதிக்கமுடியாது.

தேசியக் குடும்ப நல ஆய்வு மாற்று வீடுகளை ஏற்பதில்லை. ஐந்தாவது சுற்றில் நாடு முழுவதும் 6,36,699 வீடுகள், 7,24,115 பெண்கள், 1,01,839 ஆண்கள். பதில் விகிதம் வீடுகளில் 98, பெண்களில் 97, ஆண்களில் 92 விழுக்காடு. தமிழ்நாட்டில் 27,929 வீடுகள், 32 மாவட்டங்களுக்குப் பிரித்தால் மாவட்டத்துக்குச் சராசரியாகச் சுமார் 870 வீடுகள். எடையைப் போடும் விதம் வெளிப்படையானது: தேர்வு வாய்ப்பின் தலைகீழ், அதை வீட்டுப் பதில் விகிதத்தால் வகுப்பது, பிறகு தனிநபர் பதில் விகிதத்தால் வகுப்பது. ஆனால் 98 என்ற எண்ணைப் படிக்கும்போது கீழே எது இருக்கிறது என்று பார்க்கவேண்டும். காலி வீடுகளும், வீட்டார் அனைவரும் நீண்டநாள் வெளியே போய்விட்ட வீடுகளும் இந்த விகிதத்தின் வகுக்கும் எண்ணிலேயே வருவதில்லை. ஊரில் வசிப்பவர்களை மட்டும் அளக்கும் ஆய்வுக்கு இது சரியான முறை. அதே சமயம், அந்த வீடு உண்மையில் நீண்டநாள் பூட்டியதா, கணக்கெடுப்பாளர் போன அன்று மட்டும் பூட்டியிருந்ததா என்ற முடிவு ஒரு மனிதர் ஒரு கதவின் முன் எடுத்தது. ஆண்களின் 92ஐ நினைவில் வையுங்கள். கிடைக்காத அந்த எட்டு விழுக்காட்டில் கடலிலும் காட்டிலும் கட்டட வேலையிலும் இருந்தவர்கள் யார், எத்தனை பேர் என்பதை எந்த எடையும் சொல்லாது.

எடையிடலால் பெரிய சர்ச்சை எழுந்தது தனியார் நிறுவனமான சிஎம்ஐஇயின் நுகர்வோர் பிரமிடு வீட்டு ஆய்வைச் சுற்றித்தான். 2014இல் தொடங்கிய இந்த ஆய்வு ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு நெருக்கமான வீடுகளுக்கு நான்கு மாதத்துக்கொரு முறை போகிறது. அரசு 2017-18 நுகர்வு ஆய்வின் முடிவை வெளியிடாத காலத்தில் வறுமையைப் பற்றிப் பேச வேறு தரவு அதிகம் இல்லை. 2021இல் ஜான் திரேஸும் அன்மோல் சோமஞ்சியும் இது ஏழைகளை விட்டுவிடுகிறது என்று வாதிட்டார்கள். கிராமங்களில் முதன்மைத் தெருவிலிருந்து வீடுகளைத் தேரும் முறை ஓரத்து வீடுகளை ஒதுக்குகிறது, அதில் வரும் எழுத்தறிவு விகிதம் நம்பமுடியாத வேகத்தில் ஏறுகிறது என்றார்கள். நிறுவனத்தின் தலைவர் மகேஷ் வியாஸ் மறுத்து எழுதினார். முதன்மைத் தெருவே இல்லாத திருவட்டாறு போன்ற ஊரில் அந்த விதி எந்த வீட்டுக்குக் கொண்டுபோகும் என்று யோசித்தால் வாதத்தின் ஆழம் புரியும். 2022இல் உலக வங்கியின் சுதிர்த்த சின்ஹா ராயும் ராய் வான் டெர் வெய்டும் அதே தரவை, அரசு ஆய்வுகளில் தெரிந்த கல்வி, சொத்து விகிதங்களோடு பொருந்துமாறு மறு எடையிட்டு, கடும் வறுமை 2011இல் 22.5 விழுக்காட்டிலிருந்து 2019இல் 10.2 விழுக்காட்டுக்கு இறங்கியதாகக் கணித்தார்கள். திறமையான வேலை. ஆனால் கதவே தட்டப்படாத வீடுகளுக்காக, தட்டப்பட்ட ஏழை வீடுகள் சிலவே பேசுகின்றன. இந்த இரண்டு வகை ஏழைகளும் ஒன்றுதான் என்பது இங்கேயும் நம்பிக்கையே.

மேல் முனையிலும் இதே சிக்கல். கொரினெக், மிஸ்டியான், ரவல்லியன் மூவரும் அமெரிக்கத் தரவில், வருமானம் கூடக்கூடப் பதில் தரும் வாய்ப்பு குறைவதைக் கணித்து, அதற்கேற்பத் திருத்தினால் ஏற்றத்தாழ்வு அதிகமாகிறது, வறுமை பெரிதும் மாறுவதில்லை என்று கண்டார்கள். பிரிட்டனில் தொழிலாளர் ஆய்வின் பதில் விகிதம் 2023இல் 17 விழுக்காடு அளவுக்கு விழுந்தபோது, அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் அதன் மதிப்பீடுகளை வெளியிடுவதையே சிறிது காலம் நிறுத்திவைத்தது. எடையால் தாங்கமுடியாத நிலை என்று ஓர் அரசு அலுவலகமே ஒப்புக்கொண்ட நிகழ்வு அது.

எடையிடலின் பல முறைகளுக்கு, வெளியே தெரிந்த, நம்பத்தக்க மொத்தத் தொகைகள் வேண்டும். நமக்கு அவை 2011இல் நின்றுவிட்டன. 2021இல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1ஐ நோக்குநாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2023இல் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு உறுப்பினர் சமிகா ரவி, மாதிரி தேர்வதற்கான பழைய பட்டியலை வைத்து நடக்கும் தேசிய ஆய்வுகள் கிராமப் பங்கை மிகைப்படுத்துகின்றன என்று எழுதினார். பி. சி. மோகனன், அமிதாப் குண்டு முதலியோர் மாதிரியின் அமைப்பை எடைகள் சரிசெய்கின்றன என்று மறுத்தார்கள். இரு தரப்பிலும் உண்மை உண்டு. எடை சரிசெய்யும், தொகை சரியாக இருந்தால். குமரி மாவட்டம் 2011 கணக்குப்படி 82 விழுக்காட்டுக்கு மேல் நகர்ப்புறம். ரப்பர்த் தோட்டமும் வயலும் உள்ள பேரூராட்சிகள் பலவும் நகரக் கணக்கில் சேர்ந்ததே இதற்குக் காரணம். அந்தக் கணக்கெடுப்பின் அட்டவணைகளில் திருவட்டாறு என்ற வட்டமே இல்லை. அன்று இது கல்குளம் வட்டம். பதினான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட, வட்ட எல்லையும் மாறிய தொகைகளை வைத்து விளிம்புகளைச் சரிக்கட்டுவது, முன்கூட்டியே விடையை 2011க்கு இழுத்துப் பிடிப்பதாகும்.

வெளிநாட்டில் இருப்பவர்களைப் பொறுத்தவரை வேறொரு வழி இங்கேயே காட்டப்பட்டிருக்கிறது. இருதய ராஜன், பெர்னார்ட் டிசாமி, சாமுவேல் ஆசீர் ராஜ் ஆகியோர் நடத்திய 2015ஆம் ஆண்டு தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, 20,000 வீடுகளில் இருப்பவர்களிடம் இல்லாதவர்களைப் பற்றிக் கேட்டது. தமிழகத்தைச் சேர்ந்த சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருப்பதாகக் கணித்தது. குடும்பத்தோடு போய்விட்டவர்களைப் பற்றிச் சொல்ல வீட்டில் ஆள் இருக்காது என்பது இந்த முறையின் எல்லை. பக்கத்து வீட்டில் கேட்பதுதான் ஒரே வழி. குமரியில் பக்கத்து வீட்டுக்கு எல்லாம் தெரியும் என்பது ஆய்வாளருக்கு நல்வாய்ப்பு.

பதில் தந்த வீட்டிலும் சில கேள்விகள் மட்டும் விடுபடும். "எனக்கு ஒண்ணும் தெரியாது, மவன்கிட்ட கேக்கணும்" என்று வருமானக் கேள்விக்கு வயதான தாய் சொல்வார். இதற்கு எடை மருந்தில்லை. ஒத்த வீட்டின் விடையைப் பொருத்தி நிரப்பும் வேறு முறைகள் உண்டு. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

2025 ஜனவரி முதல் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு மாற்றியமைக்கப்பட்டிருக்கிறது. மாவட்டமே அடிப்படை அடுக்கு. மாதிரியில் தேர்வான ஊர் அல்லது நகரப் பகுதி ஒவ்வொன்றிலும் 8 வீடுகளுக்குப் பதில் 12. மாவட்ட மதிப்பீட்டுக்கான ஆசை இதில் தெரிகிறது. மாநில மதிப்பீட்டில் கரைந்துபோகும் பூட்டிய வீடுகள் மாவட்ட மதிப்பீட்டில் கரையா. குமரி போன்ற மாவட்டத்தில் விடையையே திருப்பிவிடும். அதனால் வெளியிடவேண்டியவை சில. தேர்வான ஒவ்வொரு வீட்டுக்கும், பதில் கிடைத்ததோ இல்லையோ, தரவில் ஒரு வரி வேண்டும். அதில் எத்தனை முறை, எந்த நேரத்தில் போனார்கள்; பூட்டியிருந்ததா, மறுத்தார்களா, காலியா; கூரை எப்படி, பாதை எப்படி; பக்கத்து வீட்டார் அந்த வீட்டாரைப் பற்றி என்ன சொன்னார்கள்; வெளிநாட்டில் ஆள் உண்டா என்பவை இருக்கவேண்டும். வீட்டை அடையாளம் காட்டாமல் இதைக் கொடுக்கமுடியும். டேப்லெட் வந்தபிறகு, போன நேரமும் இடமும் தானாகவே பதிவாகும் வசதியும் இருக்கிறது. மாற்று வீட்டைத் தனியாகக் குறித்து, அது இல்லாமலும் மதிப்பிட்டுக் காட்டவேண்டும். பூட்டிய வீடுகளில் சிலவற்றையாவது ஹான்சன், ஹர்விட்ஸ் வழியில் விடாமல் தேடிப் பிடிக்க, ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் பணமும், கணக்கெடுப்பாளருக்குக் கூடுதல் நாட்களும் ஒதுக்கவேண்டும். இன்று அவருக்கு முடித்த அட்டவணைகளின் எண்ணிக்கையே இலக்கு. மத்தியானம் பால்வெட்டு முடிந்து ஆள் வரும்வரை ரப்பர் மரத்தடியில் காத்திருப்பதற்கு அந்த இலக்கில் இடமில்லை.